பக்கத்திலேயே ஒரு நல்ல மனநலக் கவுன்சிலரைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்கள் யாராவது "நல்ல கவுன்சிலர் யாராவது தெரியுமா?" என்று கேட்டால், ஒரே பதிலை ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாமே என்றுதான் இது. நான் டாக்டரும் இல்லை, சைக்காலஜிஸ்டும் இல்லை. பத்து வருடத்தில் மூன்று தடவை எனக்காகவும் இரண்டு தடவை வீட்டு ஆட்களுக்காகவும் அலைந்து தேடினவன், அவ்வளவுதான். ஊரிலேயே பெரிய ஆள் யார் என்று தேடினால் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் நேரம் தர மாட்டார். நம் மாதிரி பிரச்சினைகளைப் பார்த்துப் பழகினவரா, வாராவாரம் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துத் தேடினால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

எனக்கு நிஜமாகவே கவுன்சிலிங் தேவையா, இல்லை நானாகப் பெரிதுபடுத்துகிறேனா?

இதையே கேட்டுக்கொண்டு ஒன்றரை வருடத்தை ஓட்டியவன் நான். தூக்கம், பசி, வேலை, மனிதர்களோடு பேசுவது இந்த நான்கில் இரண்டு மூன்று கெட்டுப்போய், அது இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே கிடந்தால் போய்ப் பார்ப்பதில் தப்பே இல்லை. எண்ணாகப் பார்த்தால்தான் திருப்தி என்றால் மனச்சோர்வை அளக்க மருத்துவர்களே பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 என்ற படிவம் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒருவரைப் பார்த்துவிடுவது நல்லது. பதற்றத்துக்கு இதே மாதிரி ஜிஏடி-7. இரண்டுமே நோயை உறுதி செய்யாது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது போலத்தான். மதிப்பெண் குறைவாக வந்தும் மனது சரியில்லை என்றாலும் போகலாம், அதற்காக யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. இந்தப் பட்டியலையெல்லாம் படிக்கத் தெம்பு இல்லை.

அப்படியென்றால் இப்போது தேட வேண்டாம். பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் இந்த வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். உங்கள் நாட்டின் அவசர எண்ணுக்கோ தற்கொலைத் தடுப்பு எண்ணுக்கோ கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மாத்திரையோ வேறு எதுவோ கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தால் யாரிடமாவது கொடுத்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். கவுன்சிலர் தேடுவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர், தெரபிஸ்ட்… யாரிடம்தான் போவது?

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவம் படித்துவிட்டு மனநலத்தில் மேற்படிப்பு முடித்த டாக்டர். மருந்து எழுதுவார். பல இடங்களில் கூட்டம் அதிகம் என்பதால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் பேச நேரம் இருக்காது, அதை அவருடைய அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்து, ஆஸ்பத்திரிப் பயிற்சியும் முடித்தவர். பேச்சு வழி சிகிச்சையும் சோதனைகளும் அவர் வேலை, பெரும்பாலான இடங்களில் மருந்து எழுத மாட்டார். மனநல சமூகப் பணியாளர் என்று ஒரு பிரிவு உண்டு, வீடு, வேலை, பணம் எல்லாம் சேர்ந்து சிக்கலாகிக் கிடக்கிற போது இவர்களை மாதிரி உதவுகிறவர்கள் கிடையாது, ஆனால் யாரும் தேடிப் போவதில்லை.

'கவுன்சிலர்', 'தெரபிஸ்ட்' என்ற இரண்டு வார்த்தைகளில்தான் கவனம் வேண்டும். பல நாடுகளில் இவற்றுக்குச் சட்டக் காப்பு கிடையாது. பிரிட்டனிலேயே கூட இவை பாதுகாக்கப்பட்ட பட்டங்கள் இல்லை, ஒரு வாரயிறுதி வகுப்புக்குப் போய்வந்தவரும் போர்டு மாட்டலாம். அருமையான கவுன்சிலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னைத் தூக்கிவிட்டவரே கவுன்சிலர்தான். அதனால் பெயருக்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, என்ன படித்தார், எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறார், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த சுலபமான கணக்கு இது. காதில் குரல் கேட்கிறது, நாலு நாளாகத் தூங்கவே இல்லை, ஆனாலும் களைப்பில்லாமல் துள்ளுகிறார், அல்லது படுக்கையை விட்டே எழ முடியவில்லை, இவற்றில் ஏதாவது ஒரு நிலை என்றால் முதலில் சைக்கியாட்ரிஸ்ட். மற்றதற்கெல்லாம் சைக்காலஜிஸ்டிலோ கவுன்சிலரிலோ தொடங்கலாம், மருந்து தேவை என்று பட்டால் அவர்களே அனுப்பி வைப்பார்கள்.

முதலில் வழக்கமான டாக்டரிடம் போகலாமா?

போகலாம், போவது நல்லதும் கூட. தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும். தைராய்டு கூடினால் படபடப்பு, பதற்றம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சரி, எங்கேதான் தேடுவது?

எல்லோரும் முதலில் மேப்பைத் திறந்து நட்சத்திரம் எண்ணுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். இந்தத் தொழிலில் அந்த நட்சத்திரங்களை நம்ப முடியாது. குணமாகிப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் தன் பெயரைப் போட்டு எழுத மாட்டார்கள். கோபித்துக்கொண்டு போனவர் எழுதுவார். அதற்கு அந்தத் தெரபிஸ்ட் பதில் சொல்லவும் முடியாது, ஏனென்றால் "இவர் என்னிடம் வந்தவர்தான்" என்று ஒப்புக்கொள்வதே ரகசியத்தை உடைப்பது. ஆக, கிளினிக் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதற்கு மட்டும் மேப்.

இதைவிட உருப்படியான வழி, உங்கள் நாட்டிலோ மாநிலத்திலோ உரிமம் தருகிற அமைப்பின் பதிவேடு. பல இடங்களில் இணையத்திலேயே பெயர் போட்டுத் தேடலாம், உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்பதும் சில பதிவேடுகளில் தெரியும். அப்புறம் அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு. உளவியல் துறை இருக்கிற பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் பயிற்சிக் கிளினிக் உண்டு. மாணவர்தான் பார்ப்பார், ஆனால் ஒவ்வொரு செஷனையும் ஒரு மூத்தவர் கூட உட்கார்ந்து அலசுவார், அதாவது ஒரே ஃபீஸில் இரண்டு மூளை, அந்த ஃபீஸும் குறைவு. வேலை செய்கிற இடத்தில் ஊழியர் உதவித் திட்டம் இருந்தால் முதல் சில செஷன்கள் இலவசமாக இருக்கலாம். காப்பீட்டுக் கம்பெனி தருகிற பட்டியலும் உதவும், அதில் பாதிப் பேர் புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள்.

எனக்கு மூன்றாவது தடவை பலித்த வழி வேறு. ஒருவரைக் கூப்பிட்டேன், "இடமில்லை" என்றார். போனை வைப்பதற்கு முன்னால், "சரிங்க, இதே பிரச்சினையோடு உங்க வீட்டு ஆளே வந்தால் நீங்க யாரிடம் அனுப்புவீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டு பெயர் சொன்னார். அதில் இரண்டாவது பெயரிடம்தான் இரண்டு வருடம் போனேன். ஒரு தெரபிஸ்டின் தரம் இன்னொரு தெரபிஸ்டுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

போன் செய்யவே கை நடுங்குகிறது. என்ன பேசுவது?

முதல் தடவை நான் எண்ணைத் தட்டிவிட்டு, மணி அடிக்கத் தொடங்கியதும் கட் செய்துவிட்டேன். இப்படி மூன்று தடவை. அப்புறம் ஒரு மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன்: "வணக்கம், எனக்கு ஒரு வருடமாகப் பதற்றம் இருக்கிறது, கூட்டத்துக்குள் போனால் மூச்சு முட்டுகிறது. புதிதாக ஆட்களைப் பார்க்கிறீர்களா?" அவ்வளவுதான். ஒப்பிக்கிற மாதிரிதான் இருந்தது, எதிர்முனையில் இருந்தவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர்கள் தினமும் கேட்கிற குரல்தான் அது.

"பார்க்கிறோம்" என்று சொன்னால் மேற்கொண்டு கேளுங்கள். இந்தப் பிரச்சினையோடு வந்தவர்களை எவ்வளவு பார்த்திருக்கிறீர்கள், எந்த முறையில் சிகிச்சை, எத்தனை செஷனில் ஏதாவது மாற்றம் தெரிய வேண்டும், ஃபீஸ் எவ்வளவு, வர முடியாத நாளைக்கும் கட்டணமா. நல்லவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள். "அதெல்லாம் நேரில் வாங்க, பேசிக்கலாம்" என்று மழுப்பினால் அடுத்த எண்ணைப் பார்த்துக்கொண்டு போகலாம். பேச வரவே வராது என்றால் மெசேஜ் அனுப்புங்கள், அதுவும் செல்லும்.

சிபிடி, டிபிடி, இஎம்டிஆர் என்று எழுத்து எழுத்தாகச் சொல்கிறார்கள். எதைத் தேடுவது?

சிபிடி என்பது 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கியது. மனதில் தானாக ஓடுகிற எண்ணங்களைப் பிடித்து, அது உண்மைதானா என்று பார்க்கப் பழக்குவது, கூடவே செயலையும் மாற்றுவது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அதிகம் ஆராயப்பட்ட முறை இதுதான். வீட்டுப்பாடம் உண்டு, பிடிக்காதவர்களுக்குப் பிடிக்காது. டிபிடி மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கியது, பொங்கி வருகிற உணர்ச்சிகளைக் கையாளப் பழக்குவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்கும் உணர்ச்சி கட்டுக்கடங்காமல் போகிறவர்களுக்கும். இஎம்டிஆர் 1987இல் பிரான்சின் ஷாப்பிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் தொடங்கியது, கண்ணை இடமும் வலமும் அசைத்தபடி பழைய நினைவை மனதில் கொண்டுவரச் சொல்வார்கள், விபத்து, வன்முறை போன்றவற்றின் நினைவு விடாமல் துரத்துகிறவர்களுக்கு.

முறையின் பெயரை அவசியம் கேட்டே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைச் செய்துகொண்டே இருக்க வைக்கிற நோய். அதற்கு இஆர்பி என்ற முறையில் பயிற்சி பெற்றவரா என்று நேரடியாகக் கேளுங்கள். கை கழுவிக்கொண்டே இருக்கிறவரைக் கதவுப் பிடியைத் தொடச் சொல்லி, தொட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள். பதற்றம் ஏறும், ஏறும், அப்புறம் கழுவாமலே இறங்கும். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தபின்தான் மனது நம்ப ஆரம்பிக்கிறது. இது தெரியாதவர் "ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீங்க" என்று வாராவாரம் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார். ஓசிடியில் அந்த ஆறுதலே நோய்க்குத் தீனி. என் வீட்டு ஆள் ஒருவருக்கு இப்படி எட்டு மாதம் வீணாகப் போனது.

மற்றபடி முறையைவிட, உங்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகிறதா என்பது பெரிய விஷயம். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் நடுவில் ஒரு பிணைப்பு. மூன்றில் எது இல்லாவிட்டாலும் நாலாவது செஷனுக்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

எந்த மொழியில் பேசுகிறவரைத் தேடுவது?

நீங்கள் எந்த மொழியில் திட்டுவீர்கள், எந்த மொழியில் அழுவீர்கள்? அந்த மொழி. அலுவலக மொழியில் சரளமாகப் பேசுகிறவர்கள்கூட அந்த மொழியில் தன் கஷ்டத்தைச் சொல்லும்போது மீட்டிங்கில் அறிக்கை வாசிப்பது மாதிரி ஆகிவிடுகிறது. "மனசு பாரமா இருக்கு", "நெஞ்சை அடைக்குது" என்று சொன்னால் அப்படியே புரிந்துகொள்கிற ஆள் கிடைத்தால் பாதி விளக்கம் மிச்சம். ஜிம்பாப்வேயில் ஷோனா மொழிக்காரர்கள் மனச்சோர்வைக் 'குஃபுங்கிசிசா' என்பார்கள், அதிகமாக யோசிப்பது என்று அர்த்தம். அங்கே 2006இல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் ஒரு மரப்பெஞ்சு போட்டு, வருகிறவர்களிடம் அந்த வார்த்தையிலேயே பேச வைத்தார். 2016இல் வெளியான ஆய்வில் அது வேலை செய்கிறது என்று தெரிந்தது. ஊரில் உங்கள் மொழி பேசுகிறவர் இல்லை என்றால் ஆன்லைனில் தேட அதுவே போதுமான காரணம்.

ஆன்லைனா, நேரிலா?

மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் வீடியோ செஷன் நேரில் போவதற்குப் பெரிதாகக் குறைந்ததில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. சின்னக் குழந்தைகளுக்கும், நிலைமை மோசமாக இருப்பவர்களுக்கும், வீட்டில் சுவருக்குக் காது இருப்பவர்களுக்கும் நேர்தான் நல்லது. நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்து செஷன் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது ஒன்றும் தப்பில்லை. பல இடங்களில் நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஊரில் அவருக்கு உரிமம் இருக்க வேண்டும் என்பது விதி, இதையும் கேட்டுவிடுங்கள்.

நேரில் என்றால் தூரத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். நான் இரண்டாவதாகப் போன ஆள் நல்லவர், ஆனால் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். ஏழாவது வாரம் மழை. எட்டாவது வாரம் அலுவலகத்தில் வேலை. ஒன்பதாவது வாரம் காரணமே இல்லாமல் போகவில்லை.

சின்ன ஊர். வெளியே தெரிந்துவிடுமே?

நீங்கள் சொல்வதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்பது தொழில் விதி, பல இடங்களில் சட்டமும் கூட. விதிவிலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது, நீதிமன்ற உத்தரவு, இவைதான் பெரும்பாலும். இன்னொருவரைக் காப்பாற்றுகிற கடமை தெரபிஸ்டுக்கு உண்டு என்பதைப் பேசும்போதெல்லாம் 1976இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்ன டாரசாஃப் வழக்குத் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். உங்கள் ஊரில் விதி எப்படி என்று முதல் செஷனிலேயே கேளுங்கள், கேட்காமலே சொன்னால் இன்னும் நல்லது.

தெருவில் எதிரே வந்தால் பெரும்பாலான தெரபிஸ்டுகள் தானாகச் சிரிக்க மாட்டார்கள், நீங்கள் முதலில் சிரித்தால்தான். அது திமிர் இல்லை, உங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக. அவர் உங்கள் சித்தப்பாவின் நண்பர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள், அவரே அப்படித்தான் சொல்ல வேண்டும். நான் ரொம்ப நாள் தெரபிஸ்டின் எண்ணை போனில் 'பைப் ரிப்பேர்' என்று போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் வீட்டில் குழாய் ஒழுக, மனைவி அந்த எண்ணுக்கே கூப்பிட்டுவிட்டாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை, "ராங் நம்பர்ங்க" என்று வைத்துவிட்டார்.

முதல் செஷனில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் 45, 50 நிமிடம். படிவம், தூக்கம், மருந்து, குடும்பம், குடி, முன்பு எப்போதாவது இப்படி இருந்ததா என்று கேள்விகளிலேயே போய்விடும். தீர்வு எதுவும் கிடைக்காது. வெளியே வரும்போது தலை கனக்கும், சிலருக்கு அழுகை வரும், "இதற்கா வந்தோம்" என்றும் தோன்றும். அன்றைக்குச் சாயங்காலம் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிடிக்கவில்லை. மாற்றலாமா?

தாராளமாக. ஒரு செஷனில் முடிவெடுக்க வேண்டாம், மூன்று நான்கு போய்ப் பாருங்கள், "நாம் பேசுவது எனக்கு உதவுகிற மாதிரி தெரியவில்லை" என்று அவரிடமே சொல்லியும் பாருங்கள். அதற்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே நிறைய தெரிந்துவிடும்.

ஆனால் சில விஷயங்களுக்கு நாலு செஷன் காத்திருக்கக் கூடாது. நான் முதலில் போனவர் நான் பேசும்போது போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். இரண்டாவது வாரம் தன் விவாகரத்துக் கதையை அரைமணி நேரம் சொன்னார். நானும் பாவம் என்று ஆறுதல் சொல்லிவிட்டு, ஃபீஸையும் கட்டிவிட்டு வந்தேன்! இது சிரிப்பதற்கு. சிரிக்க முடியாதவையும் உண்டு: தொடுவது, பாலியல் பேச்சு, "இத்தனை செஷனில் நூறு சதவீதம் குணம்" என்ற உத்தரவாதம், டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்வது, நீங்கள் சொன்னதை வீட்டில் போய்ச் சொல்வது, ஓரினச் சேர்க்கையாளரை 'மாற்றிவிடுகிறேன்' என்பது. எழுந்து வந்துவிடுங்கள், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. உரிமம் தந்த அமைப்பில் புகாரும் செய்யலாம்.

கையில் காசு இல்லை.

வருமானத்துக்கு ஏற்ப ஃபீஸ் குறைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் போர்டில் எழுதி வைக்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். "என்னால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் ஏதாவது வழி உண்டா?" என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று மாற்றிக்கொள்ளலாம். குழு சிகிச்சை மலிவு, முன்பின் தெரியாதவர்கள் நடுவில் பேசுவதா என்று கூச்சப்பட்டவர்களில் பலர் பிறகு அதை விட்டு வர மனமில்லாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காத்திருப்போர் பட்டியலில் போட்டுவிட்டார்கள். அதுவரைக்கும்?

கடைசி நிமிடத்தில் யாராவது வராமல் போனால் கூப்பிடச் சொல்லி வையுங்கள். அதே நேரத்தில் இன்னும் இரண்டு இடத்தில் பெயர் கொடுங்கள், துரோகம் ஒன்றும் இல்லை. தூக்கம், பதற்றம் வந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது என்று தினமும் இரண்டு வரி எழுதி வைத்தால் முதல் செஷனில் உபயோகப்படும்.

எனக்கில்லை, என் கணவருக்குத்தான் தேவை. வரவே மாட்டேன் என்கிறார்.

"உங்களுக்குப் பைத்தியம், டாக்டரைப் பாருங்க" என்கிற தொனி துளி வந்தாலும் கதவு மூடிவிடும். "நீங்க ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சிட்டு இருக்கீங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். தூக்கத்துக்காக என்று சொல்லி வழக்கமான டாக்டரிடம் கூட்டிப்போவது பல வீடுகளில் எடுபடுகிறது. அதுவும் நடக்கவில்லையா, நீங்கள் போங்கள். இப்படி ஒருவரோடு எப்படி வாழ்வது என்று கேட்கவும் அங்கே இடம் உண்டு. ஆனால் அடி உதை இருக்கிற வீட்டில் இருவரும் சேர்ந்து போகிற கவுன்சிலிங் வேண்டாம், அங்கே சொன்ன ஒரு வார்த்தைக்கு வீட்டில் விலை கொடுக்க வேண்டி வரும். தனியாகப் போங்கள்.

மருந்து எழுதிக் கொடுத்தால் சாப்பிடலாமா?

எழுதியவரிடமே எல்லாச் சந்தேகத்தையும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், பக்கவிளைவு மட்டும் முதல் வாரமே வந்துவிடும், பலர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல் வரும். நிறுத்துவதும் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

எவ்வளவு நாள் போக வேண்டும்?

சிபிடி மாதிரி ஒழுங்கு வைத்த முறைகள் பெரும்பாலும் 12 முதல் 20 செஷனுக்குள். சின்ன வயதுக் காயங்கள் என்றால் வருடக்கணக்கிலும் போகும். எனக்கு முடிந்தது என்று தெரிந்த நாள், போய் உட்கார்ந்தேன், சொல்ல ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டு நாயைப் பற்றியே இருபது நிமிடம் பேசினோம். அடுத்ததை மாதம் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாமா என்று அவர்தான் கேட்டார். நிறுத்தும்போது எதற்காக வந்தோம், என்ன செய்தோம், எது உதவியது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் மாறினாலோ, மறுபடி வேறு ஆளிடம் போக வேண்டி வந்தாலோ முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது.